இறந்தவர் சார்பில் மன்னிப்பது யார்?

2021 ஆகஸ்டு முதல் வாரத்தில் அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்கள் சங்கம், தான் கொடுத்த விருது ஒன்றைத் தானே ரத்து செய்தது. விருது அறிவித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கேரன் விட்மெயர் எழுதிய ‘அட் லவ்ஸ் கமாண்ட்’ என்ற நாவலுக்கு, சமய, ஆன்மிக அம்சங்கள் கொண்ட காதல் நாவல் என்ற பிரிவில் அந்த விருது கிடைத்திருந்தது. கதாநாயகன் மாத்யூ ஹேங்கர் அமெரிக்கக் குதிரைப்படையில் இருந்தவன். 1890-ல் வூண்டட் நீ என்ற ஓடைக்கரையில் லகோட்டா பூர்வகுடி மக்கள் கொல்லப்பட்ட நாளில், சுட்டவர்களின் அணியில் நின்றவன். அந்த நாளின் குற்றவுணர்வு தாங்காமல் படையை விட்டு விலகுகிறான். இனி நல்ல காரியத்துக்கு மட்டுமே துப்பாக்கி எடுப்பது என்று தீர்மானிக்கிறான். பிறகு ஒரு பெண் மருத்துவரைச் சந்திக்கிறான், காதலிக்கிறான். கதை சுபமாக முடிகிறது.

சங்கம் முதலில் விருதுக்கு ஆதரவாகத்தான் பேசியது. இந்த வகை நாவலில் ஒரு பாவியின் மீட்சி இருந்தே தீரும். மனித முயற்சி அவனை மீட்காது, ஆன்மிக விழிப்புதான் மீட்கும். அதுவே இதன் இலக்கணம் என்பது அந்த விளக்கத்தின் சாரம். எதிர்ப்பு அடங்கவில்லை. இனப்படுகொலையில் பங்கெடுத்தவனைக் காதல் நாயகனாக்கி அதற்கு மகுடமும் சூட்டுவதா என்று எழுத்தாளர்களும் வாசகர்களும் கேட்டார்கள். விருது போயிற்று. மறுபக்கம், மனம் திரும்பியவனை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்றால் சுவிசேஷத்துக்கு என்னதான் பொருள் என்று கிறிஸ்தவ வாசகர்கள் சிலர் வருந்தினார்கள். அது நேர்மையான கேள்வி. பெருங்குற்றம் செய்தவனுக்கு விமோசனம் உண்டா, உண்டென்றால் அதைக் கொடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது மதங்கள் எல்லாமே மோதிப் பார்த்த சிக்கல். காதல் நாவல் என்ற, பலரும் லேசாக நினைக்கும் ஓர் எழுத்து வகைக்குள் அது வந்து உட்கார்ந்துகொண்டதற்கு ஒரு நீண்ட முன்கதை இருக்கிறது.

காதல் நாவலைப் பொழுதுபோக்குச் சரக்கு என்று ஒதுக்குபவர்கள் அதன் அடித்தளத்தைக் கவனிப்பதில்லை. மையத்தில் ஒரு காதல் கதை இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும் என்பதுதான் அந்தச் சங்கம் வகுத்த இலக்கணம். ஒருவருக்காக ஒருவர் போராடியவர்களுக்கு நியாயம் கிடைத்தாக வேண்டும். ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1788-ல் எழுதிய நூலில் இதே சிக்கலோடு மல்லுக்கட்டினார். நல்லவர்கள் இன்பமாக வாழ்வார்கள் என்று இந்த உலகம் உத்தரவாதம் தருவதில்லை. நன்மையும் இன்பமும் ஒன்றுசேரும் என்று நம்ப வேண்டுமானால் கடவுளையும் ஆன்மாவின் அழியாமையையும் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்தார். காண்ட் மறுமைக்குத் தள்ளிவைத்த கணக்கைக் காதல் நாவல் இருநூறு பக்கங்களில் இங்கேயே தீர்த்துவிடுகிறது. சென்னையின் வாடகை நூலகங்களில் மில்ஸ் அண்ட் பூன் புத்தகங்கள் அட்டை கிழியும்வரை கைமாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே சுபமான முடிவு என்பது ஒரு தீர்ப்பு. இன்னாருக்கு இன்பம் தகும் என்று அது சொல்கிறது. அந்தத் தீர்ப்பு யார் யாருக்கு மறுக்கப்பட்டது என்று பார்த்துக்கொண்டு போனால், அமெரிக்க, ஆங்கிலக் காதல் நாவலின் இன்னொரு வரலாறு கிடைக்கும்.

மறுத்தவர்கள் பல நேரம் கடவுளின் பெயரால்தான் மறுத்தார்கள். வெள்ளையரான ரிச்சர்ட் லவிங்கும், கறுப்பின, பூர்வகுடி வம்சத்தவரான மில்ட்ரெட்டும் மணம் செய்துகொண்டதற்காக வர்ஜீனியாவில் தண்டிக்கப்பட்டார்கள். 1965-ல் அந்தத் தண்டனையை உறுதிசெய்த நீதிபதி லியோன் பஸீல், எல்லாம் வல்ல கடவுள் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்ததே அவை கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று தீர்ப்பில் எழுதினார். 1967 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. இனக் கலப்புத் திருமணத்தைத் தடுத்த சட்டங்கள் அன்று செல்லாமல் போயின.

சட்டத்தில் இருந்தது கதையிலும் இருந்தது. 1919-ல் ஈ. எம். ஹல் எழுதிய ‘தி ஷேக்’ பெரும் பரபரப்பாக விற்றது. இரண்டே ஆண்டுகளில் ருடால்ஃப் வாலண்டினோ நடிக்கப் படமாகவும் வந்தது. ஆங்கிலேயப் பெண் டயானா மேயோவைப் பாலைவனத்தில் கடத்திச் செல்லும் அகமது பென் ஹசன் அவளை வன்முறையால் பணியவைக்கிறான். அவள் பிறகு அவனையே காதலிக்கிறாள். ஆனால் காதல் கைகூட வேண்டிய இடத்தில் ஓர் உண்மை அவிழ்கிறது: அவன் அரபியே கிடையாது, ஆங்கிலப் பிரபு ஒருவருக்கும் ஸ்பானியப் பெண்ணுக்கும் பிறந்தவன். செய்த கொடுமை கதையில் அவனுக்குத் தடையாகவில்லை, பிறப்பு தடையாகியிருக்கும். அதை ஆசிரியர் கடைசியில் நீக்கிவைக்கிறார். யாருக்கு விமோசனம் எளிது என்பதை அந்த ஒரு திருப்பம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அதற்கு 27 ஆண்டுகள் முன்பே, 1892-ல், பிரான்சிஸ் எலன் வாட்கின்ஸ் ஹார்ப்பர் என்ற கறுப்பின எழுத்தாளர் வேறொரு பாதை போட்டிருந்தார். அவருடைய ‘அயோலா லெராய்’ நாவலின் கதாநாயகி பார்வைக்கு வெள்ளையாகத் தெரிபவள். வெள்ளை மருத்துவர் ஒருவர் மனமாரக் காதலித்து மணக்கக் கேட்கிறார். தன் தாயின் இனத்தை மறைத்து வாழ வேண்டிய அந்த வாழ்க்கை வேண்டாம் என்று அவள் மறுத்துவிட்டு, தன் மக்களுக்காக உழைக்கும் கலப்பின மருத்துவரை மணக்கிறாள். வெள்ளையராக வாழ வழி இருந்தும் அதை விரும்பாதவர் அவரும். இன்பம் வேண்டும், ஆனால் உண்மையை விற்று வாங்கும் இன்பம் வேண்டாம் என்ற அவளுடைய முடிவு எந்த அறநூலிலும் இடம்பெறத் தக்கது.

ஒருபால் காதலர்களின் நிலை இன்னும் வெளிப்படையானது. ஈ. எம். ஃபார்ஸ்டர் ‘மோரிஸ்’ நாவலை 1913-லும் 1914-லும் எழுதினார். இரண்டு ஆண்கள் காதலித்துச் சேர்ந்து வாழப் போவதாகக் கதையை முடித்தார். அந்த முடிவு இல்லாமல் எழுதவே மாட்டேன் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். சோகமாக முடித்திருந்தால் அச்சேறியிருக்கலாம், சுபமாக முடித்ததால்தான் அது பெட்டிக்குள் கிடந்தது. இங்கிலாந்தில் சட்டம் 1967-ல் மாறியது, ஃபார்ஸ்டர் 1970-ல் இறந்தார், நாவல் 1971-ல் வெளிவந்தது.

அமெரிக்காவில் 1952-ல் வின் பேக்கர் என்ற புனைபெயரில் மரிஜேன் மீக்கர் ‘ஸ்பிரிங் ஃபயர்’ எழுதினார். கல்லூரி விடுதியில் இரண்டு பெண்களுக்கிடையே மலரும் காதல். பதிப்பாசிரியர் முன்கூட்டியே நிபந்தனை விதித்துவிட்டார்: முடிவு மகிழ்ச்சியாக இருக்கக் கூடாது, இருந்தால் தபால் துறை ஆபாசம் என்று சொல்லிப் பிரதிகளைப் பறிமுதல் செய்துவிடும். அதனால் ஒருத்தி மனம் பேதலித்து மருத்துவமனைக்குப் போகிறாள், மற்றவள் தான் அவளைக் காதலிக்கவே இல்லை என்று முடிவுசெய்கிறாள். பாவத்துக்குச் சம்பளம் என்னவென்று தபால் அலுவலகமே நிர்ணயித்த காலம் அது. அதே 1952-ல் பட்ரீசியா ஹைஸ்மித் வேறு பெயரில் மறைந்துகொண்டு ‘தி ப்ரைஸ் ஆஃப் சால்ட்’ எழுதி, இரண்டு பெண்களையும் சேர்ந்து வாழும் நம்பிக்கையோடு விட்டுவைத்தார். முகம் தெரியாத வாசகர்களிடமிருந்து அவருக்குக் கடிதங்கள் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. தங்களைப் போன்றவர்கள் சாகாமல், பைத்தியம் பிடிக்காமல் ஒரு கதை முடியும் என்று அந்த வாசகர்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள். பிரதிநிதித்துவம் என்று இன்று நாம் வறட்சியாகப் பேசும் விஷயத்தின் உயிர் அந்தக் கடிதங்களில் இருக்கிறது.

கறுப்பினக் காதலர்களுக்குப் பெரிய பதிப்பகங்களின் கதவைத் திறந்தவர் ஹூஸ்டனில் பிறந்த விவியன் ஸ்டீஃபன்ஸ். டெல் பதிப்பகத்தின் கேண்டில்லைட் வரிசையில் அவர் ஆசிரியராக இருந்தபோது, 1980-ல், பத்திரிகையாளர் எல்ஸி வாஷிங்டன், ரோசலிண்ட் வெல்ஸ் என்ற பெயரில் எழுதிய ‘என்ட்வைன்ட் டெஸ்டினீஸ்’ வெளிவந்தது. எழுதியவரும் கறுப்பினத்தவர், காதலிக்கும் இருவரும் கறுப்பினத்தவர். பெரிய பதிப்பகம் ஒன்றின் காதல் வரிசையில் வந்த இத்தகைய முதல் நூலாக அது எண்ணப்படுகிறது. அதே ஆண்டு ஹூஸ்டனில் காதல் நாவலாசிரியர்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் ஸ்டீஃபன்ஸ் முக்கியமானவர். பிற்பாடு அவரை இத்தொழில் மெல்ல ஓரங்கட்டியது. அவர் உண்டாக்கிய சங்கத்தின் விருது மேடையும் அவருடைய இனத்தவருக்கு எட்டாமலே இருந்தது. 2018-ல் சங்கமே கணக்குப் பார்த்தபோது, கடந்த 18 ஆண்டுகளில் இறுதிச் சுற்றுக்கு வந்த நூல்களில் கறுப்பின எழுத்தாளர்களின் பங்கு அரை சதவீதத்துக்கும் குறைவு, வென்றவர் ஒருவரும் இல்லை என்று தெரிந்தது. 2019-ல்தான் கென்னடி ரயனும் எம். மலோனும் முதன்முதலாக வென்றார்கள். கலிஃபோர்னியாவில் காதல் நாவல்களுக்கென்றே நடக்கும் ‘தி ரிப்ட் பாடிஸ்’ புத்தகக் கடை எடுத்த கணக்கில், 2017-ல் முன்னணிப் பதிப்பகங்கள் போட்ட ஒவ்வொரு நூறு காதல் நாவலுக்கும் வெள்ளையரல்லாதவர்கள் எழுதியவை 6.2 மட்டுமே.

எண்கள் ஒருபுறம் இருக்கட்டும். பூர்வகுடி மக்கள் காதல் நாவல்களில் இல்லாமல் இல்லை, ஏராளமாக இருந்தார்கள். தலைப்பிலேயே காட்டுமிராண்டி என்ற சொல்லைச் சூட்டிக்கொண்டு கேஸி எட்வர்ட்ஸ் எழுதிய நாவல்கள் மட்டும் பல டஜன். அட்டையில் கட்டுமஸ்தான உடல், காற்றில் பறக்கும் முடி. 2008-ல் அவருடைய ‘ஷேடோ பேர்’ நாவலை வாசகர்கள் கூர்ந்து பார்த்தபோது, காதலர்கள் இருவரும் கருங்கால் மரநாய்களைப் பற்றிப் பேசிக்கொள்ளும் ஒரு கட்டம், பால் டோல்மே என்ற பத்திரிகையாளரின் இயற்கைக் கட்டுரையோடு வரிக்கு வரி ஒத்துப்போனது தெரியவந்தது. ஒரு லகோட்டா மனிதன் தன் காதலியிடம் என்ன பேசுவான் என்று யோசிக்க வேண்டிய இடத்தில் விலங்கியல் தகவல் வந்து நின்றது. அவனுக்கு உடல் கொடுத்தார்கள், உடை கொடுத்தார்கள், உள்ளம் கொடுக்கவில்லை.

இப்போது சமயக் காதல் நாவலுக்கு வருவோம். 1979-ல் ஜேனட் ஓக் எழுதிய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ இந்தச் சந்தையைத் திறந்தது. 1991-ல் ஃபிரான்சின் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’ வந்தது. பழைய ஏற்பாட்டின் ஓசியா தீர்க்கதரிசியும் அவருக்குத் துரோகம் செய்த மனைவி கோமேரும் 1850-ன் கலிஃபோர்னியாத் தங்க வேட்டைக் காலத்துக்கு வருகிறார்கள். சிறுவயதிலேயே விற்கப்பட்டு விபசாரத்தில் தள்ளப்பட்ட பெண்ணை ஒரு விவசாயி மணக்கிறான். அவள் ஓடிப்போகும்போதெல்லாம் திரும்ப ஏற்றுக்கொள்கிறான். இந்த வகையின் பெருந்தன்மை இங்கே இருக்கிறது. சமூகம் கைவிட்டவர்களை இது கைவிடுவதில்லை. குடிகாரன், விதவை, சிறை மீண்டவன், கெட்ட பெயர் எடுத்தவள் என எல்லோருக்கும் ஒரு வீடும் ஒரு துணையும் உண்டு என்று இந்த நாவல்கள் சலிக்காமல் சொல்லிவந்தன. அதைப் படித்துத் தேறியவர்களை ஏளனம் செய்ய யாருக்கும் உரிமை கிடையாது.

சிக்கல் எங்கே தொடங்குகிறதென்றால், பாவம் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் வேறு வேறாக இருக்கும் இடத்தில். ரிவர்ஸின் நாயகி யாரையும் கொல்லவில்லை, அவள்தான் கொடுமைக்கு ஆளானவள்.

2014-ல் கேட் பிரெஸ்லின் எழுதிய ‘ஃபார் சச் எ டைம்’ அந்தக் கோட்டைத் தாண்டியது. 1944, தெரசியென்ஸ்டாட் வதைமுகாம். ஹதாசா என்ற யூதப் பெண், பெயரை மாற்றிக்கொண்டு முகாம் தளபதியான நாஜி அதிகாரியின் செயலாளராகிறாள். இருவருக்கும் காதல் பிறக்கிறது. பைபிள் ஒன்று மீண்டும் மீண்டும் அவள் கண்ணில் பட, அவள் புதிய ஏற்பாட்டின் பக்கம் நெருங்குகிறாள். அடுத்த ஆண்டு இந்த நாவல் சங்க விருதின் இரண்டு பிரிவுகளில் இறுதிச் சுற்றுக்கு வந்தபோதுதான் யூத வாசகர்கள் கொதித்தார்கள். விருது கிடைக்கவில்லை; ஆசிரியர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். உண்மையான தெரசியென்ஸ்டாட்டுக்கு ஏறத்தாழ 1,40,000 யூதர்கள் கொண்டுவரப்பட்டார்கள். சுமார் 33,000 பேர் அங்கேயே இறந்தார்கள். 1944 செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் வரை மட்டும் 18,000க்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து ஆஷ்விட்சுக்கு ரயிலேற்றப்பட்டார்கள்.

பிரெஸ்லின் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது எஸ்தர் புத்தகத்தை. ஹதாசா என்பது எஸ்தரின் எபிரேயப் பெயர். அந்தப் புத்தகத்தில் யூதர்களை அழிக்கத் திட்டமிட்ட ஆமானுக்குக் காதலும் இல்லை, கல்யாணமும் இல்லை, தூக்குமரம்தான். எஸ்தரும் தன் மதத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை, தன் இனத்தோடு நின்று காப்பாற்றினாள். மூலக்கதை காப்பாற்றிவைத்த இரண்டையும் நாவல் விட்டுவிட்டது.

வூண்டட் நீ விவகாரத்தில் இந்த விடுபடல் இன்னும் ஆழமானது. அந்தப் படுகொலைக்கு உடனடிக் காரணமே ஒரு மதம். நெவாடாவைச் சேர்ந்த பயூட் இனத் தீர்க்கதரிசி வோவோக்காவின் போதனையிலிருந்து ஆவி நடனம் என்ற வழிபாடு 1889-க்குப் பிறகு வேகமாகப் பரவியது. வட்டமாகக் கைகோத்து ஆட வேண்டும். ஆடினால் இறந்த உறவினர்கள் திரும்பி வருவார்கள், காட்டெருமைகள் திரும்பி வரும், பூமி புதிதாகும். நிலமும் உணவும் பறிபோய்ப் பட்டினியில் கிடந்த லகோட்டாக்களுக்கு அது கடைசி நம்பிக்கை. அரசு அதிகாரிகள் அதைக் கலகம் என்று நினைத்துப் படையை வரவழைத்தார்கள். 1890 டிசம்பர் 29 காலை, நிமோனியாக் காய்ச்சலில் படுத்திருந்த தலைவர் ஸ்பாட்டட் எல்க்கின் கூட்டத்தை ஏழாவது குதிரைப்படை சூழ்ந்து நின்று ஆயுதங்களைப் பறித்தது. ஒரு துப்பாக்கி வெடித்தது. அதன்பின் மேட்டில் நிறுத்தியிருந்த நான்கு ஹாட்ச்கிஸ் பீரங்கிகளும் கூடாரங்களின்மேல் குண்டு பொழிந்தன. ஓடிய பெண்களையும் குழந்தைகளையும் நெடுந்தூரம் துரத்திச் சுட்டார்கள். கொல்லப்பட்டவர்கள் 250க்கும் மேல் என்பது மதிப்பீடு. அவர்களில் 146 பேர் ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள். சுட்ட தரப்பில் சுமார் இருபது பேருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் தரப்பட்டது. நூறு ஆண்டு கழித்து, 1990-ல், அமெரிக்க நாடாளுமன்றம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது.

அன்றிரவு காயம்பட்டவர்களை பைன் ரிட்ஜில் இருந்த எபிஸ்கோபல் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெஞ்சுகளைப் பிடுங்கி வெளியே போட்டுவிட்டுத் தரையில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் வரிசையாகக் கிடத்தினார்கள். நான்கு நாட்கள் முன்புதான் கிறிஸ்துமஸ் முடிந்திருந்தது. பண்டிகைக்குக் கட்டிய பச்சைத் தழைத் தோரணங்கள் தலைக்குமேல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. வைத்தியம் பார்த்த மருத்துவர் சார்லஸ் ஈஸ்ட்மன். சான்டீ டகோட்டா இனத்தில் பிறந்து, பின்னர் கிறிஸ்தவராகி, டார்ட்மத் கல்லூரியிலும் பாஸ்டன் பல்கலைக்கழகத்திலும் படித்து மருத்துவரானவர். பைன் ரிட்ஜுக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பனிப்புயல் ஓய்ந்த பிறகு, புத்தாண்டு நாளில் ஒரு குழுவோடு களத்துக்குப் போய்ப் பிணங்களுக்கு நடுவே உயிரோடிருந்த சிலரை மீட்டுவந்தார். 1916-ல் வெளிவந்த தன் சுயசரிதையில், வெள்ளையரின் கிறிஸ்தவ அன்பில் முழு நம்பிக்கை வைத்திருந்த தனக்கு அது எவ்வளவு பெரிய சோதனை என்று எழுதியிருக்கிறார்.

அந்தத் தேவாலயத்தில் அவரோடு நின்று காயங்களுக்குக் கட்டுப்போட்டவர்களில் ஒருவர், பூர்வகுடிப் பள்ளிகளைக் கண்காணிக்க வந்திருந்த வெள்ளை ஆசிரியை இலேன் குட்டேல். இருவருக்கும் அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் நிச்சயமாகியிருந்தது. 1891 ஜூனில் மணந்துகொண்டார்கள். ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். 1921-ல் பிரிந்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வூண்டட் நீயைப் பின்னணியாகக் கொண்டு ஒரு மருத்துவர் வரும், விசுவாசமும் குற்றவுணர்வும் மோதும் காதல் கதை வேண்டுமென்றால், வரலாறு அதை ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது. அதன் நாயகன் ஒரு டகோட்டா. நாவலோ சுட்டவனின் மனப் போராட்டத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. சமயம் என்ற பிரிவில் விருது வாங்கிய கதையில், கொன்றவனின் ஜெபத்துக்கு இடம் இருந்தது. எந்த நம்பிக்கைக்காக அந்த மக்கள் செத்தார்களோ அந்த நடனத்துக்கு அதே மரியாதை கிடைக்கவில்லை.

சரி, கொன்றவன் மனம் திரும்பினால்? யூத மரபு இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான குற்றத்தைப் பாவநிவாரண நாள் போக்கும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான குற்றத்தை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளும் போக்காது என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதி விதிக்கிறது. வதைமுகாமிலிருந்து தப்பிப் பிழைத்த சைமன் வீசென்தால் ‘சூரியகாந்தி’ என்ற நூலில் தனக்கு நேர்ந்ததை எழுதினார். சாகக் கிடந்த நாஜி வீரன் ஒருவன், தான் யூதர்களைக் கொன்றதைச் சொல்லி, யூதர் என்ற முறையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டான். அவர் ஒன்றும் பேசாமல் அறையை விட்டு வெளியேறினார். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று சிந்தனையாளர்கள் பலரிடம் கேட்டு, பதில்களையும் சேர்த்து வெளியிட்டார்.

பதில் சொன்னவர்களில் யூத மதகுரு, ரபை ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷலும் ஒருவர். அவர் ஒரு சம்பவத்தைச் சொன்னார். பிரிஸ்க் நகரத்துப் பெரிய ரபை ஒருவர் வார்சாவிலிருந்து ரயிலில் ஊர் திரும்புகிறார். பெட்டியில் வியாபாரிகள் சிலர் சீட்டாடுகிறார்கள். ஆட்டத்தில் சேராமல் ஒதுங்கியிருந்த அவரை ஒருவன் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறான். ஊர் வந்து இறங்கியதும் கூட்டம் திரண்டு அவரை வரவேற்க, யாரை அவமதித்தோம் என்று அவனுக்குத் தெரிகிறது. பதறிப்போய் மன்னிப்புக் கேட்கிறான், ஆள் வைத்தும் கேட்கிறான். ரபை மறுத்துவிடுகிறார். அவன் தள்ளிவிட்டது ரபையை அல்லவே, யாரோ ஒரு சாதாரணப் பயணியைத்தானே. அந்தப் பயணியிடம் போய் மன்னிப்புக் கேட்கட்டும் என்கிறார். உயிரோடு இருப்பவரே தன் பெயரில் வழங்காத மன்னிப்பை, இறந்தவர்கள் பெயரில் வேறொருவர் எப்படி வழங்க முடியும்?

கிறிஸ்தவம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றதற்கு உடன்பட்டிருந்த சவுல், பவுல் ஆனான். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கும் பரதீசு வாக்களிக்கப்பட்டது. உண்மைதான். ஆனால் அதே பைபிளில், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரம் கட்டளையிடுகிறது. லூக்காவில் வரும் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன பிறகே இரட்சிப்பு அவன் வீட்டுக்கு வந்ததாக அறிவிக்கப்படுகிறது. விலை கொடுக்காமல் வழங்கப்படும் மலிவான கிருபைதான் திருச்சபையின் பரம எதிரி என்று 1937-ல் எழுதிய ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் பான்ஹாஃபர், எட்டு ஆண்டு கழித்து நாஜிகளின் தூக்குக் கயிற்றில் உயிரை விட்டார். கொலைகாரனுக்குக் கடவுளின் கதவு திறந்திருக்கலாம். அது அவனுக்கும் கடவுளுக்கும் உள்ள கணக்கு. அவனைக் கட்டியணைக்கும் காதலி அந்தக் கணக்கில் சாட்சிகூடக் கிடையாது. அவளுக்கு அவன் ஒரு தீங்கும் செய்யவில்லை. இந்த நாவல்களின் அடிப்படைப் பிழை இங்கேதான் இருக்கிறது: பாதிக்கப்படாத ஒருத்தியின் அன்பு, பாதிக்கப்பட்டவர்கள் கொடுக்க வேண்டிய மன்னிப்பின் இடத்தில் உட்காருகிறது.

தெரசியென்ஸ்டாட் நாவல் இன்னும் ஒரு படி மேலே போய், பாதிக்கப்பட்ட இனத்துப் பெண்ணையே அந்த இடத்தில் உட்காரவைத்தது. மொத்தச் சமூகத்தின் சார்பில் ஒருத்தி மன்னித்துவிட்டதாக வாசகர் மனதில் பதியும்போது, பேச முடியாத ஆயிரக்கணக்கானவர்களின் வாய் இரண்டாம் முறை அடைக்கப்படுகிறது. விட்மெயர் நாவலின் விருதை ரத்து செய்தது சரிதான். கொடுத்ததுதான் தவறு. நாவலை யாரும் தடைசெய்யவில்லை, எரிக்கவில்லை. அது கடைகளில் கிடைக்கிறது. ஒரு சமூகம் எதற்கு மகுடம் சூட்டுகிறது என்பதே கேள்வியாக இருந்தது.

ரத்தான அந்த விருதின் பெயர் ‘விவியன்’. விவியன் ஸ்டீஃபன்ஸை கௌரவிக்க வைத்த பெயர். பழைய விருதை நிறுத்திப் புதியதை ஏற்படுத்த வேண்டி வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. சீன வம்சாவளி எழுத்தாளர் கோர்ட்னி மிலன், 1999-ல் வந்த ஒரு நாவலில் சீனப் பெண்கள் சித்திரிக்கப்பட்ட விதம் இனவாதம் என்று சமூக வலைத்தளத்தில் கடுமையாக விமர்சித்தார். அதற்காக 2019 டிசம்பரில் சங்கம் அவரை இடைநீக்கம் செய்தது. எதிர்ப்பு வெடித்ததும் மறுநாளே பின்வாங்கியது. நிர்வாகிகள் பலர் பதவி விலகினார்கள், 2020 விருதுகள் கைவிடப்பட்டன. அவமதிக்கப்பட்டவர் வாய் திறந்ததைக் குற்றமாகவும், அவமதிப்பைக் கருத்துச் சுதந்திரமாகவும் எடைபோட்ட அமைப்பு, இரண்டே ஆண்டில் வூண்டட் நீயில் மறுபடி இடறியதில் வியப்பில்லை. ஒருகாலத்தில் பத்தாயிரம் பேர் இருந்த சங்கத்தில் இரண்டாயிரம் பேரளவில்தான் மிஞ்சினார்கள். 2024 மே மாதம் அது திவால் மனு தாக்கல் செய்தது.

இதற்கிடையில் வேறு வகையான நாவல்களும் வந்துகொண்டிருந்தன. ஹெலன் ஹோவாங்கின் ‘தி கிஸ் கோஷன்ட்’ 2018-ல் ஆட்டிசம் உள்ள ஒரு பெண்ணைக் காதல் நாயகியாக்கியது. அவளைக் குணப்படுத்தித்தான் காதலிக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. ஆசிரியரும் ஆட்டிசம் உள்ளவர். 1994-ல் ‘நைட் சாங்’ மூலம் அறிமுகமான பெவர்லி ஜென்கின்ஸ், அடிமைமுறையின் காலத்தையும் அதற்குப் பின்னான காலத்தையும் களமாக்கிக் கறுப்பினக் காதலர்களுக்குச் சுபமான முடிவுகளை எழுதிவருகிறார். தான் படித்த வரலாற்று நூல்களின் பட்டியலைக் காதல் நாவலின் பின்னால் இணைத்தவர் அவர். 1996-ல் வந்த ‘இண்டிகோ’வின் நாயகி ஹெஸ்டர் வயட், தப்பி வரும் அடிமைகளுக்கு மிச்சிகனில் இரகசிய அடைக்கலம் தருகிறாள். சிறுவயதில் அவுரித் தோட்டத்தில் உழைத்ததால் அவள் கைகளில் ஏறிய நீலக் கறை போகவே இல்லை. சுதந்திர மனிதனாக இருந்த அவள் தந்தை, ஓர் அடிமைப் பெண்ணைக் காதலித்ததற்காகத் தன்னையே அடிமையாக்கிக்கொண்டவர். அந்தக் கைகளை ஒருவன் காதலோடு பற்றும்போது, யார் சார்பிலும் யாரும் யாரையும் மன்னிக்கவில்லை. மறுக்கப்பட்டவளுக்கு அவளுக்குரியது கிடைக்கிறது.

தமிழ்ப் பதிப்பாளர்கள் காதல் நாவல்களை மொழிபெயர்க்க நினைத்தால் ‘இண்டிகோ’வை முதலில் கையிலெடுக்க வேண்டும். ஈஸ்ட்மனின் சுயசரிதைக்குப் பதிப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. அதையும் யாராவது தமிழில் கொண்டுவாருங்கள்.